கொசுறாக வந்த ஐந்து வாத்துகள்

அக்கா,

இன்று காலை மாகறல் பக்கம், அறுப்பு முடிந்த வயலில், ஒரு வாத்துக்காரன் என் கையில் ஆண் வாத்து ஒன்றைத் திணித்தான். பெட்டைகளைப் பேசி முடித்து, கால்களைக் கட்டிக் கூடையில் போட்டாயிற்று. போகிற நேரத்தில் அவனாகவே, "இந்தாம்மா, கொசுறா ஒண்ணு வெச்சிக்க" என்றான். சேறும் தவிடும் ஊறிய அந்த இறகு வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. வாலில் ஒற்றைச் சுருள் இறகு. நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தது.

"வாணாம்பா."

"சும்மா தர்றேன்மா. துட்டு கேக்கல."

"அதான் வாணாங்கறேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு முட்டைக்காரி எவ்வளவு கறாரானவள் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அவள் கைக்கு வந்ததை வேண்டாம் என்கிறாள் என்றால் வாத்துக்கு ஏதோ சீக்கு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். "நல்ல வாத்துமா, கண்ணப் பாரு" என்று தலையைத் தூக்கிக் காட்டினான். நான் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் உள்ளங்கையில் அந்தத் துடிப்பு நிற்கவில்லை. கடையைத் திறந்து, போணி பார்த்து, ஆள் நடமாட்டம் குறைந்த இந்த மத்தியானத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது. நடந்ததில் பாதி உனக்குத் தெரியும் என்று கடைசியில்தான் தெரிந்துகொண்டேன். மிச்சத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நீ, தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். என் வீட்டுக்காரர் மூன்றாம் வருஷமே போய்விட்டார். பிள்ளை இல்லை. திரும்பிப் போகப் பிறந்த வீடும் இல்லை. உன் வீட்டுக்காரர் பெரியவர் இருந்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் போன பிறகு வீடு உன் மகன் குமரேசன் கைக்கு வந்தது. கெட்டவன் இல்லை அவன். ஆனால் சாப்பாட்டுத் தட்டில் நான் கை வைக்கும்போது ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்காகத்தான் நான் கூடையைத் தலையில் தூக்கினேன். ஊர் ஊராகப் போய் நாட்டுக்கோழி முட்டை, வாத்து முட்டை என்று பொறுக்கிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் விற்றேன். மூல வியாதிக்காரர்கள் வாத்து முட்டைக்காகவே என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

புழக்கடையில் உனக்கென்று ஆறு பெட்டை வாத்துகள் இருந்தன. அவற்றோடு துரை என்ற ஆண் வாத்து.

துரையை நீ குஞ்சு பொரித்த கதையை நூறு தரம் சொல்லியிருக்கிறாய். அடைகாத்த கோழி பாதியில் எழுந்துவிட்டதாம். மற்ற முட்டையெல்லாம் கூமுட்டையாகிப் போக, அது ஒன்று மட்டும் ஓட்டுக்குள்ளிருந்து தட்டியதாம். நீ அட்டைப் பெட்டியில் பழைய புடவையைச் சுற்றி அடுப்பு மூலையில் வைத்து வளர்த்தாய். அதனால் அது உன்னையே தாய் என்று எண்ணிக்கொண்டது. அம்மி அரைத்தால் அம்மி அருகில், நாஷ்டா செய்தால் அடுப்படிப் படியில். உன் விரலிடுக்கில் இருக்கும் சோற்றுப் பருக்கையை ஒவ்வொன்றாக, தோல் படாமல் எடுக்கும். "தொர சாப்புட்டுட்டாரா?" என்று குமரேசன்கூடக் கிண்டலாகக் கேட்பான். அந்த வீட்டில் யார் பேரிலும் இல்லாமல், உன் பேரில் மட்டும் இருந்தது அந்தப் புழக்கடை மந்தைதான். முட்டை விற்ற காசை நீ யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

உன் மருமகள் தேவகி முழுகாமல் இருந்த அந்த மாசியில்தான் செய்யாற்றங்கரை வயல்களில் வாத்துக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். நான் ஆறு பெட்டை பேசினேன். விலை படிந்தது. படிந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. முழு விலை கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் நான் வியாபாரியா?

"கொசுறு போடு."

"ஆம்பள வாத்து ஒண்ணு தர்றேன்."

"ஒண்ணா? அஞ்சு போடு."

அவன் சிரித்தான். "தீனி தின்ற வாய எதுக்குமா கேட்டு வாங்கற? ஆறு பொட்டைக்கு ஒண்ணு போதும். மேல போனா அடிச்சிக்கும்."

"அது என் பேஜாரு. நீ போடு."

தீபாவளி வரை தவிட்டைப் போட்டுக் கொழுக்க வைத்தால் கறிக்குப் போகும் என்பது என் திட்டம். ஐந்தையும் ஒரே கூடையில் அமுக்கிக்கொண்டு வந்து, பெட்டைகளோடு சேர்த்து உன் புழக்கடையில் அவிழ்த்து விட்டேன். அன்று சாயங்காலம் குமரேசன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இன்னா சித்தி, கொசுறா இத்தினியா? நீயே எங்க வூட்டுக்குக் கொசுறுதான, பத்தாதா?" அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். தேவகிகூடச் சிரித்தாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குப் போட்ட சோற்றில் குழம்பு ஊற்றாமல் அப்படியே கொண்டுபோய் வைத்தாய்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரத்தில் பெட்டைகளின் பின்கழுத்தில் இறகு உதிர ஆரம்பித்தது. மூன்றாம் வாரத்தில் தோல் தெரிந்தது. ஆண்களில் ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறும். பெட்டை ஓடினால் இரண்டு பக்கத்திலிருந்தும் மறித்துக் கழுத்து இறகைக் கவ்வி அமுக்கும். தீனிக்கும் அதே கதைதான். ஒரே ஒரு அலுமினியத் தாம்பாளம். ஆண்கள் சுற்றி நின்றுகொண்டால் பெட்டைகளுக்கு வெறும் தண்ணீர். முட்டை பாதியாகக் குறைந்தது. துரை மட்டும் உன்னுடைய பழைய ஆறு பெட்டைகளையும் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, கழுத்தைத் தரையோடு நீட்டி, அந்தக் கரகரத்த குரலில் மற்றவற்றை விரட்டிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். நானே கண்ணால் பார்த்தேன்.

தொட்டி நினைவிருக்கிறதா? மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய சிமெண்டுத் தொட்டி. ஒரு நாள் காலை அதற்குள் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு பெட்டையை அமுக்கிக்கொண்டிருந்தன. பெட்டையின் தலை மேலே வரவே இல்லை. நீ ஓடி வந்து முழங்கை வரை கையை விட்டு அதை வெளியே இழுத்தாய். கால் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, முதுகைத் தட்டித் தட்டி, அது ஒரு தரம் தும்மிய பிறகுதான் நீ மூச்சு விட்டாய். அதன் கழுத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டே சொன்னாய்: "நீ கொசுறு கேட்டு வாங்கினு வந்தது வாத்து இல்லடி. சண்ட."

"ரெண்டு நாள்ல பழகிடும்க்கா" என்றேன்.

"எத்தினி நாள்ல? பொட்டைங்க எல்லாம் செத்த அப்பறமா?"

எனக்குக் கோபம். கோபத்துக்குக் காரணம் நீ சொன்னது சரி என்பதுதான். விளக்குமாற்றை எடுத்தேன். தொட்டியில் இருந்த இரண்டில் ஒன்றுக்குக் கழுத்தில் வெள்ளை வளையம் உண்டு. மற்றவற்றைவிடப் பெரியது. அதை மூலையில் மடக்கி வெளுத்தேன். நான் ஓங்க ஓங்க அது பின்வாங்காமல் குச்சியையே கவ்வியது. மறுநாளும் அடித்தேன். மூன்றாம் நாள் விளக்குமாற்றோடு யார் வந்தாலும் அது தலையைத் தாழ்த்த ஆரம்பித்தது. அதற்கு நான் வேறு, விளக்குமாறு வேறு என்று தெரியவில்லை. நான் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

தேவகிக்கு ஏழாம் மாதம். நீ பெருக்க வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு புழக்கடைக்கு வந்தாள். நான் துணி துவைக்கிற கல்லருகே முட்டை கழுவிக்கொண்டிருந்தேன். வளையக்கழுத்து தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. கத்தவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு நேராக ஓடி வந்து அவள் கணுக்காலைக் கவ்வி, புடவைக் கரையோடு சேர்த்து உலுக்கியது. அவள் பின்னால் கால் வைத்தாள். சோப்புத் தண்ணீர். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். அந்தச் சத்தம்.

குமரேசன் ஓடி வந்தான். அவளைத் தூக்கினோம். அவன் திரும்பிப் பார்த்தான். ஆறு ஆண் வாத்துகள் ஒன்றும் அறியாதவை போலச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. அவன் கண்ணுக்கு ஆறும் ஒன்றுதான்.

"எது? எதுன்னு சொல்லு சித்தி!"

நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. வியாபாரத்தில் சில பதில்கள் யோசனைக்கு முன்னால் வாயில் வந்து நிற்கும். என் வாத்து உன் மனைவியைத் தள்ளிவிட்டது என்று சொன்னால் அன்று இரவு நான் எங்கே படுப்பேன்?

"தொர" என்றேன்.

"அம்மாவோடதா?"

"கையில வளத்தது இல்லியா, மனுசனைக் கண்டா பயம் இல்ல. அதான் பாயுது."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது அக்கா. மந்தையில் சேர்க்காமல் தனியாக மடியில் வளர்த்த ஆண் வாத்து பிற்பாடு ஆளைத் துரத்தும் என்பது வாத்து வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் என் பொய் அவ்வளவு நன்றாக நின்றது. நீ அடுப்படியிலிருந்து வெளியே வந்தாய். என்னைப் பார்த்தாய். துரையைப் பார்த்தாய்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும்வரை நான் சுவரில் சாய்ந்து நின்றேன். உட்காரத் துணிவில்லை. வீட்டுக்கு வந்ததும் குமரேசன் உன் எதிரில் நின்றான்.

"வர்ற ஞாயித்துக்கெயம கறிக்கடக்காரன வரச் சொல்லிக்கிறேன். ஒண்ணு வுடாம மொத்தமும் போவுது."

"மொத்தமும் ஏன்டா? ஒண்ணு செஞ்சதுக்கு?"

"ஒண்ணோ ஒம்போதோ. என் புள்ள வரப் போவுது இந்த வூட்டுக்கு. இதுங்க நடுவுலயா தவயும்?"

நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாய்: "தொரய நாளைக்கே அனுப்பிடறேன். மத்தது இருக்கட்டும். ஞாயித்துக்கெயம வந்து நீயே பாரு. அப்பவும் எதுனா ஒண்ணு யாரு மேலனா பாஞ்சா, நானே காலக் கட்டிக் குடுக்கறேன்."

அவன் அரை மனதாகத் தலையாட்டினான். ஆறு நாள். உன் கையில் இருந்த ஒரே சொத்துக்கு ஆறு நாள்.

செவ்வாய்க்கிழமை காலை நீயே துரையைத் தூக்கி வந்தாய். அதன் காலைக் கட்டவில்லை. என் முட்டைக் கூடையில் வைக்கோல் பரப்பி, அதை உட்கார வைத்து, மேலே துணி மூடினாய். "தண்ணி இருக்கற எடமா பாத்து வுடு. ஐயங்கார்குளத்துல பெரிய ஏரி கீதே, அங்க யாருனா வாத்து வெச்சிருப்பாங்க. அவங்க மந்தையோட சேத்துடு."

"சரிக்கா."

மத்தியானம் திரும்பி வந்ததும் கேட்டாய், "வுட்டுட்டியா?"

"வுட்டுட்டேன்."

"திரும்பிப் பாத்தானா?"

"இல்லக்கா. தண்ணியப் பாத்ததும் போய்ட்டான்."

நீ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

துரை போனதும் அடங்கிவிடும் என்று குமரேசன் நினைத்தான். எனக்குள்ளும் அப்படி ஓர் ஆசை இருந்தது. ஆனால் புதன்கிழமை விடிந்தபோது புழக்கடை முழுக்க இறகு. அதுவரை தலைவனாக இருந்தது துரைதான். அந்த இடத்துக்கு இப்போது ஐந்தும் அடித்துக்கொண்டன. ஒன்றன் கண் வீங்கி மூடிக்கிடந்தது. துரையின் பாதுகாப்பில் இருந்த உன் ஆறு பெட்டைகளுக்கும் அன்றுதான் முதல் தரம் கழுத்தில் ரத்தம். இரண்டு பெட்டைகள் விறகுக் குவியலுக்குள் புகுந்துகொண்டு வெளியே வரவே இல்லை. குமரேசன் வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்தான். "ஞாயித்துக்கெயம வரைக்கும்கூட தாங்காது போல கீதேம்மா" என்றான்.

நீ ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாய். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எது எதை விரட்டுகிறது, எது எதற்கு வழி விடுகிறது, தாம்பாளத்துக்கு முதலில் எது வருகிறது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் கடைக்குப் போகாமல் கதவருகே நின்றேன். எப்போது என் பக்கம் திரும்புவாயோ என்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு எழுந்தாய். "அஞ்சயும் புடி."

"எங்கக்கா போடறது?"

"முருங்கமரத்தாண்ட. வலையக் கட்டு."

மூங்கில் தட்டியும் பழைய மீன் வலையும் வைத்து இருட்டுவதற்குள் அடைப்பு கட்டினோம். ஐந்து ஆண்களும் உள்ளே. பெட்டைகள் வெளியே. நடுவில் தட்டி போட்டு மறைத்ததால் இவற்றின் கண்ணுக்கு அவை தெரியாது. வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தால் ஐந்தும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. முதல் நாள் கண்ணைக் கொத்திக்கொண்டவை! "பொட்டைங்க கண்ணுல படலன்னா இதுங்க அண்ணன் தம்பி" என்றாய். உன் முகத்தில் அந்த வாரம் பார்த்த ஒரே சிரிப்பு அது. தீனியை மூன்று தாம்பாளமாகப் பிரித்து, மூன்று மூலையில், ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி வைத்தாய். விறகுக் குவியலுக்குள் இருந்த இரண்டும் அன்று மத்தியானம் வெளியே வந்தன. காயம் பட்டவற்றைக் கூடை போட்டுக் கவிழ்த்து, மற்றவை கொத்தாமல் காத்தாய்.

அதன் பிறகு நீ செய்த காரியத்தைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அடைப்பை ஒட்டி நடந்தாய். நான்கு வாத்துகள் பின்னால் போய் ஒண்டிக்கொண்டன. வளையக்கழுத்து மட்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டு பறந்து வந்து வலையில் மோதியது. வலை வழியாக விளக்குமாற்றுக் குச்சியைக் கவ்விக்கொண்டு விடவில்லை.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

"பாத்தியா?"

அவ்வளவுதான் கேட்டாய். நான் வாய் திறந்து, "பாத்தேன்க்கா" என்றேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். துரை இன்னும் எங்கேயாவது உயிரோடு இருக்கிறது என்று நீ நம்பிக்கொண்டிருந்த நேரம். சொல்லவில்லை.

நீ அடைப்புக்குள் இறங்கினாய். அது பாய்ந்தது. நீ நகரவில்லை. உன் முழங்காலில் மோதி, புடவையைக் கவ்வி, திரும்பவும் மோதியது. குனிந்து, முதுகின் மேல் கையை வைத்து மெதுவாகத் தரையோடு அழுத்தினாய். அடிக்கவில்லை, திட்டவில்லை. அது அடங்கும் வரை அப்படியே. பிறகு இறக்கையோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரிசி புடைத்தாய், தண்ணீர் இறைத்தாய். இறக்கிவிட்டால் திரும்பப் பாயும். திரும்ப அழுத்துவாய், திரும்ப இடுக்கிக்கொள்வாய். கையால் ஒரு பருக்கைகூடக் கொடுக்கவில்லை. "கையால தின்ன வெச்சா நம்மள வாத்துன்னு நெனச்சிக்கும். அப்பறம் நம்ம கிட்டயே சண்டைக்கு வரும்" என்றாய். சொல்லிவிட்டு, எதையோ நினைத்தவள் போல விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாய். சனிக்கிழமை சாயங்காலம் அது உன் கக்கத்தில் கழுத்தை மடித்துத் தூங்கியது. கீழே விட்டதும் உன்னைச் சுற்றிக்கொண்டு விலகிப் போனது. ஆனால் விளக்குமாறு? அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடைக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். குமரேசன் புழக்கடைக்கு வந்தான்.

"கூண்டுல வெச்சிக் காட்டறது எனக்கு வாணாம். தொறந்து வுடு."

பெட்டைகளை வாத்துக் குடிசைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வலையை அவிழ்த்தாய். ஐந்தும் வெளியே வந்து இறகை உதறின. அவன் சுற்றிப் பார்த்தான். சுவரோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றைக் கையில் எடுத்தான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே தெரியவில்லை.

நான்கு வாத்துகள் தொட்டிப் பக்கம் ஒதுங்கின. வளையக்கழுத்து நின்றது. தலை தாழ்ந்தது. இரண்டடி முன்னால் வந்தது.

"நில்லு" என்றாய் மகனிடம். "பின்னால கால வெக்காத. அத்த ஓங்காத. சும்மா நில்லு."

"அம்மா..."

"நில்லுடா."

அது இன்னும் ஓரடி வந்தது. கழுத்து தரையைத் தொட்டது. குமரேசனின் கால் நடுங்கியது என் கண்ணுக்கே தெரிந்தது. அடுப்படி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேவகி சொன்னாள், "இன்னாங்க, வாத்துக்கா நடுங்கற?"

அவன் சிரிக்கவில்லை. அசையவும் இல்லை. வாத்து அவனைப் பார்த்தது, விளக்குமாற்றைப் பார்த்தது. நீ ஒரே ஓரடி எடுத்து வைத்தாய், அதன் பக்கவாட்டில். அது தலையைத் தூக்கியது. வாலை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, திரும்பி, தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது.

குமரேசன் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போய்க் கறிக்கடைக்காரரிடம் எதையோ சொன்னான். சைக்கிள் மணி ஒலித்துத் தேய்ந்தது. நீ பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, முதல் முறையாக அழுதாய். மந்தை பிழைத்ததற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நான்கு ஆண்கள் பிறகு விலைக்குப் போயின. பன்னிரண்டு பெட்டைக்கு வளையக்கழுத்து ஒன்றே போதும் என்றாய். தேவகிக்குப் பெண் பிறந்தது. அவள் தவழ்ந்ததும் அந்த வாத்துகளுக்கு நடுவில்தான். நான் பஸ் ஸ்டாண்டில் கடை பிடித்தேன், பின்னால் சிறியதாக ஒரு வீடும் கட்டிக்கொண்டேன். யார் பார்வைக்கும் பதில் சொல்ல வேண்டாத சோறு. வாத்து வாங்க வருகிறவர்களிடம் இப்போதும் முதலில் கேட்பது இதுதான்: "ஆம்பள எத்தினி வெச்சிக்கிற?" எண்ணிக்கை அதிகம் என்றால் பெட்டை விற்க மாட்டேன். வாடிக்கைக்காரர்களுக்கு முட்டையில் கொசுறு கொடுப்பேன். வாங்குவதில்லை. இதற்குக் காரணம் என் சுபாவம் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

நீ படுத்த படுக்கையான இரண்டு மாதத்தில் ஒரு சாயங்காலம். நான் உன் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தேவகி பெருக்கிக்கொண்டிருந்தாள், விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்:

"தொரைக்கு வெளக்குமாறுன்னா பயம்டி. எடுத்தாலே என் சீலைக்கு அடியில வந்து பூந்துக்குவான்."

என் கை நின்றது.

"நான் அடுப்படி ஜன்னலாண்டதான் நின்னுக்கினு இருந்தேன் அன்னிக்கி."

"ஏன்க்கா... அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்ன அன்னிக்கே வெளிய நிறுத்தியிருப்பான். எங்க போயிருப்ப நீ?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "தொர தண்ணியப் பாத்தா பொயச்சிக்குவான். உனக்கு யாரு கீறாங்க?"

நான் உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணைத் திறந்து கேட்டாய்.

"நல்ல எடத்துலதான வுட்ட?"

"ஆமாக்கா. ஐயங்கார்குளத்துல. பெரிய ஏரி."

"ம்" என்றாய். நிம்மதியாகத் தூங்கிப்போனாய்.

அக்கா, நான் ஐயங்கார்குளத்துக்குப் போகவே இல்லை. பஸ்கூட ஏறவில்லை. என் பொய்யைத் தெரிந்த உயிர் அது ஒன்றுதான் என்பது போல, கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்று இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வாத்துக்கறி போடும் ஒருவரிடம், வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு நாலு மணி நேரம் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். தண்ணீரைப் பார்த்ததும் போய்விட்டான் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

நம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்துதான் போனேன். கூடை இடுப்பில். பிடி நழுவாமல் இருக்கப் பின்னலுக்குள் விரலைக் கொடுத்துப் பிடித்திருந்தேன். உள்ளே துணிக்கடியில் அது என் விரலைக் கண்டுபிடித்தது. அலகால் மெதுவாக, ஒவ்வொரு விரலிடுக்காக, பருக்கை இருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தது. வழி முழுக்க.

கடிக்கவில்லை அக்கா. ஒரு தரம்கூடக் கடிக்கவில்லை.